புகையைக் குறைத்த மேஸ்திரி

ஜனவரி 9

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் மருமகள் எழுதுவது. அம்மாவும் நானும் சுகமாக இருக்கிறோம். அம்மாவின் முழங்கால் மட்டும் மாடிப்படியைப் பார்த்தாலே முறைத்துக்கொள்கிறது. நீங்களும் அத்தையும் எப்படி இருக்கிறீர்கள்? உங்கள் காது எப்படி இருக்கிறது? போன தடவை போனில் வேலை எப்படி என்று கேட்டேன். அதை ஏன் கேட்கிறாய், எல்லாம் விலை ஏறிக் கிடக்கிறது என்றீர்கள். அதனால்தான் கடிதம்.

என் வேலை என்னவென்று நீங்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். எரிபொருள் எரியும்போது கரிவாயு என்று ஒன்று கண்ணுக்குத் தெரியாமல் மேலே போகிறது. ஊர் ஊராக அது எவ்வளவு என்று கணக்குப் போடுவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. நீங்கள் புகை என்பீர்கள். நானும் அப்படியே சொல்கிறேன்.

இரண்டு வருடமாக எல்லா ஊரிலும் புகை குறைந்து வருகிறது. எங்கள் தலைவர் இதில் சந்தோஷப்பட ஒன்றுமில்லை என்கிறார். வியாபாரம் படுத்துவிட்டது, லாரி ஓடவில்லை, மில் ஓடவில்லை, அதனால் புகை இல்லை, வியாபாரம் எழுந்தால் புகையும் கூடவே எழுந்துவிடும் என்பது அவர் கட்சி. வேலை குறையாமலே புகை குறைந்த இடம் ஒன்றாவது இருக்கும் என்பது என் கட்சி. அப்படி ஒரு இடத்தைக் காட்டினால்தான் என் ஆய்வு நிற்கும். ஆய்வு நின்றால்தான் நானும் இங்கே நிற்க முடியும். ஜூனோடு என் ஒப்பந்தம் முடிகிறது.

உங்கள் ஊர்ப் புகை பாதியாகியிருக்கிறது. அங்கே சொல்லிக்கொள்ளும்படி இருப்பது உங்கள் பாட்டில் தொழிற்சாலை ஒன்றுதான். பாட்டில் குறைந்ததா, புகை மட்டும் குறைந்ததா? உங்கள் கதைகளைக் கேட்டு வளர்ந்தவள் நான். இந்த ஒரு தடவை கதை வேண்டாம், மாமா. உள்ளது உள்ளபடி எழுதுங்கள்.

அத்தைக்கு என் அன்பு.

உங்கள் கணக்குப்பிள்ளை


ஜனவரி 20

அருமைக் கணக்குப்பிள்ளைக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

நானும் உன் அத்தையும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறோம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும். அக்காவின் முழங்காலுக்குச் சூடான மணலைத் துணியில் கட்டி ஒத்தடம் கொடு. மணல் இல்லையென்றால் சொல், ஒரு லாரி அனுப்புகிறேன். இங்கே கொட்டிக் கிடக்கிறது.

நீ சுற்றி வளைத்து நாலு பக்கம் கேட்டதற்கு என்னிடம் ஒரே வரியில் பதில் இருக்கிறது. நான்தான். ஊர்ப் புகையைப் பாதியாக்கியவன் உன் மாமாதான். வேறு யாரையும் தேடி அலையாதே.

கரிவாயு என்று நீங்கள் பேர் வைத்திருக்கிற ஆசாமி எனக்கு நெடுநாள் பழக்கம். உலைமேஸ்திரி ஆன நாளிலிருந்து என் மூக்கு வழியாகத்தான் போய் வருகிறான். படித்தவர்கள் நீங்கள் அவன் மேலே ஏறிப் போனபிறகு எண்ணுகிறீர்கள். நான் வாசலிலேயே கழுத்தைப் பிடித்துவிட்டேன். எப்படி என்று கேள். பாட்டில் செய்ய மணலும் சோடாவும் சுண்ணாம்பும் வேண்டும். அதுகளை உருக்க நெருப்பைக் கொட்டித் தீர்க்க வேண்டும். உடைந்த கண்ணாடி அப்படியில்லை. ஒருமுறை உருகிப் பழகினது. கொஞ்சம் சூடு காட்டினாலே இளகி ஓடும். ஆகவே நான் மணலைக் குறைத்து உடைசலைக் கூட்டினேன். காற்றுத் திருகை ஒரு மயிரிழை திருப்பினேன். அந்த மயிரிழை எந்த இடத்தில் என்று எனக்கும் கடவுளுக்கும்தான் தெரியும். முதலாளி வந்து பார்த்துவிட்டு, "மேஸ்திரி, நீங்க மட்டும் எஞ்சினியருக்குப் படிச்சிருந்தா நான் உங்ககிட்ட கைகட்டி நின்னிருப்பேன்" என்றார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார்.

மந்தம் மந்தம் என்று பேப்பரில் பக்கத்துக்குப் பக்கம் போடுகிறான். எனக்குத் தெரிந்த மந்தம் விருந்துக்குப் போய்வந்த மறுநாள் வயிற்றில் வருவதுதான். எங்கள் யந்திரம் பாட்டில் பாட்டிலாகக் கக்கிக்கொண்டுதான் இருக்கிறது. அதன் வாயில் எண்ணும் சக்கரம் ஒன்று உண்டு. வேண்டுமானால் அதைக் கேட்டுக்கொள்.

நீ பாவாடை கட்டின வயதில் உன்னைத் தூக்கிக்கொண்டு போய் நீலக் கண்ணாடி வழியாக உலைக்குள் காட்டினேனே, ஞாபகம் இருக்கிறதா? வெறுங்கண்ணால் பார்த்தால் பார்வை போய்விடும் என்று நான் பயமுறுத்த, நீ அந்தக் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுபோவேன் என்று அடம்பிடித்தாய். அன்றைக்கு எரிந்த அதே நெருப்புதான் இன்றைக்கும் எரிகிறது. அணைந்ததே இல்லை. அணையவும் கூடாது. கண்ணாடி உலை ஒருமுறை ஆறினால் தீர்ந்தது. உள்ளே இருக்கிற குழம்பு பாறையாகும், செங்கல் வெடிக்கும், பிறகு மூட்ட முடியாது. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்ட வேண்டும். எங்கள் முதலாளி கோழிக்கூண்டு கட்டவே யோசிக்கிறவர். உலை நின்றால் ஊர் நின்றது. என் கை இருக்கும்வரை அது நடக்காது.

சளி பிடிக்காமல் பார்த்துக்கொள்.

மாமா


பிப்ரவரி 2

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நின்றபடியே படித்தேன். படித்துவிட்டு உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். அம்மாவுக்கு ஒத்தடம் கொடுத்தோம், மணலை இங்கேயே வாங்கிக்கொண்டோம். நீங்கள் இருவரும் நலம் என்று தெரிந்ததில் நிம்மதி.

உடைசலைக் கூட்டினால் எரிபொருள் குறையும் என்பது புத்தகத்திலேயே இருக்கிறது. நீங்கள் புத்தகம் படிக்காமல் செய்திருக்கிறீர்கள். தலைவரிடம் சொன்னேன். சிரித்துவிட்டு, "மாமா சொன்னாரு, அத்தை சொன்னாங்கன்னு எழுத முடியுமா? எண்ணிக்கை எங்கே?" என்றார். அவர் சிரித்தது எனக்குப் பிடிக்கவில்லை.

ஆகவே உங்கள் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு முறைப்படி எழுதியிருக்கிறேன். இரண்டு வருடம் முன்பு எத்தனை பாட்டில், இப்போது எத்தனை, எவ்வளவு எரிபொருள், அவ்வளவுதான். அவரைக் கொஞ்சம் தூண்டிவிடுங்கள்.

அத்தை இன்னும் வெளிச்சத்தில் பாட்டில் பிடித்துக் கீறல் பார்க்கும் வேலைதானா? கண்ணுக்கு ஓய்வு கொடுக்கச் சொல்லுங்கள்.

உங்கள் கணக்குப்பிள்ளை


பிப்ரவரி 15

கணக்குப்பிள்ளைக்கு,

எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. காது மட்டும் பழைய கதைதான். நேற்று அத்தை என்னைத் திட்டியது முழுவதும் எனக்குப் பாராட்டாகவே விழுந்தது. அக்காவை நடக்கச் சொல்.

குமாஸ்தாவைத் தூண்டிவிட்டேன் என்பது சிறிய வார்த்தை. உன் கடிதம் வந்ததும் ஆபீஸே எழுந்து நின்றுவிட்டது. என் அக்கா மகள் வானத்தையே கணக்கெடுக்கிறவள், தப்பாக எழுதினால் உன் மூச்சையும் எண்ணிவிடுவாள் என்றேன். அந்த ஆள் மையைக் கொட்டிவிட்டார். எண்ணும் சக்கரத்தில் உள்ளதை அப்படியே எழுதி அனுப்பியிருக்கிறார். பார்த்திருப்பாய். இரண்டு வருடம் முன்பு எத்தனை பாட்டிலோ இன்றைக்கும் அத்தனை. எரிபொருளோ பாதியை ஒட்டி. சக்கரத்துக்கு மாமனும் தெரியாது மருமகளும் தெரியாது. உங்கள் தலைவரை இப்போது சிரிக்கச் சொல்.

வேறு விசேஷம் இல்லை. மணல் அள்ளிப் போடுவானே நெட்டையன், அவன் ஊரைவிட்டுப் போய்விட்டான். இவ்வளவு சின்ன ஊரில் அவ்வளவு உயரமானவன் எத்தனை நாள் இருப்பான்? லாரிக்காரர்களும் வருவதைக் குறைத்துக்கொண்டார்கள். ரோடு நன்றாக இருக்கட்டும் என்றுதான். அத்தை இப்போது அரை நாள்தான் வேலைக்குப் போகிறாள். நான்தான் ஓய்வெடு என்றேன். சம்பளமும் அரையாகத்தான் வருகிறது. அதுவும் ஒரு ஓய்வுதானே.

நீ என் பேரைப் பெரிதாகப் போட வேண்டாம். போட்டால் வேண்டாம் என்று சொல்லவும் மாட்டேன்.

மாமா


மார்ச் 3

கண்ணுக்கு அத்தை எழுதிக்கொள்வது.

நீயும் அண்ணியும் சுகம்தானே? எனக்கு எழுத்து ஓடாது. பிழை இருந்தால் பொறுத்துக்கொள். நான் எழுதுவது உன் மாமாவுக்குத் தெரியாது.

அவர் உனக்கு எழுதியதைப் படித்தேன். குமாஸ்தா அனுப்பியதும் தெரியும். எண்ணிக்கை சரிதான் கண்ணு. ஆனால் அது ஒரே பாட்டில்தான்.

வாங்க ஆள் இல்லை. போன வருஷ நடுவிலிருந்தே ஆர்டர் நின்றுவிட்டது. உலை ஆறக்கூடாது என்பதற்காக ஓட்டுகிறார்கள். குழம்பு உள்ளேயே நின்றாலும் கெடுதல், அதனால் பாட்டிலாக வெளியே எடுக்க வேண்டியிருக்கிறது. காலையில் யந்திரம் பாட்டில் போடும். நாங்கள் வெளிச்சத்தில் பிடித்துக் கீறல் பார்ப்போம். பார்த்து அடுக்குவோம். அடுக்கினதை மதியத்துக்குமேல் நாங்களே இரும்புத் தொட்டியில் போட்டு உடைப்போம். உடைத்ததை உன் மாமா உலையில் கொட்டுவார். மறுநாள் அதுவே பாட்டிலாக வரும். மறுபடி கீறல் பார்ப்போம். உடைக்கப் போவதற்கு எதற்குக் கீறல் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். பழக்கம் விட்டுப்போகக் கூடாது என்றார் சூப்பர்வைசர்.

அவர் சொல்லும் உடைசல் இதுதான். மணல் போடாததால்தான் புகை இல்லை. திருகும் இல்லை மயிரிழையும் இல்லை. முதலாளி கண்ணைத் துடைக்கவும் இல்லை, அவரை நாங்கள் பார்த்தே பல மாதம் ஆகிறது. ஆர்டர் வந்தால் மணல் போட்டு முழு நெருப்பு வைக்க வேண்டும், புகை பழையபடி வரும். அது வரட்டும் என்றுதான் எல்லாரும் காத்திருக்கிறோம்.

வேலை இல்லாததால் புகை இல்லை என்றே எழுது. அதில் எங்களுக்கு வெட்கம் இல்லை. அவருக்குத்தான் வெட்கம். மருமகளுக்கு முன்னால் சும்மா இருக்கிற மேஸ்திரியாக நிற்க அவரால் முடியவில்லை. அவரை ஒன்றும் கேட்காதே. எனக்கு மட்டும் ஒரு வரி போடு. தபால்காரர் என் கையில்தான் கொடுப்பார், சொல்லிவைத்திருக்கிறேன்.

உன் அத்தை


மே 28

அன்புள்ள மாமாவுக்கு,

இத்தனை நாள் எழுதாததற்குக் கோபிக்காதீர்கள். அம்மா நலம். எனக்கு வேலையில் தலை நிமிரவில்லை. அங்கே எல்லாரும் சௌக்கியம் என்று நம்புகிறேன்.

ஆய்வு அச்சாகிவிட்டது. உங்கள் தொழிற்சாலைக்கு ஒரு முழு அத்தியாயம். தலைவர் இப்போது சிரிப்பதில்லை, மேற்கோள் காட்டுகிறார். அரசாங்கத்தின் புகை வாரியம் இதை அப்படியே எடுத்துக்கொண்டிருக்கிறது. ஜூலையிலிருந்து ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் இவ்வளவுதான் புகை விடலாம் என்று ஒரு உரிமை அளவு வரும். பாதிப் புகையில் அதே பாட்டிலைச் செய்ய முடியும் என்று நிரூபணமாகிவிட்டதால் உங்கள் உலைக்கு இனிமேல் அந்தப் பாதிதான் அளவு. மிச்சம் பிடித்த பாதிக்கான உரிமையை முதலாளி வேறு யாருக்காவது விற்றுக்கொள்ளலாம். நல்லது செய்தவருக்கு வெகுமதி. மற்ற கண்ணாடி உலைகளுக்கும் உங்களைத்தான் உதாரணம் காட்டப்போகிறார்கள்.

எனக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது. உங்களால்தான், மாமா.

அத்தைக்குத் தனியாக எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருக்கிறேன். எழுதுகிறேன்.

உங்கள் கணக்குப்பிள்ளை


ஜூன் 20

நிரந்தரக் கணக்குப்பிள்ளைக்கு,

உனக்கு வேலை நிரந்தரமானதில் எனக்கு ஒரு சுற்று உடம்பு பெருத்துவிட்டது. அத்தை சௌக்கியம், உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன், கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொன்னாள்.

விழாவைச் சொல்கிறேன் கேள். ஊரே திரண்டது. ஊர் என்றால் எங்கள் தொழிற்சாலை ஆட்கள்தான், ஆனால் ஊர் மாதிரி சத்தம் போட்டார்கள். வாரியத்திலிருந்து ஒரு அதிகாரி வந்தார். முதலாளி பல மாதத்துக்குப் பிறகு, அதாவது அவருடைய ஓயாத வெளியூர் வேலைகளுக்கு நடுவில், வந்தார். எனக்குச் சுவர்க் கடிகாரம் கொடுத்தார்கள். அதிகாரி என்னைக் கட்டிப்பிடித்து அந்தத் திருகைக் காட்டச் சொன்னார். கைக்கு எட்டின திருகு ஒன்றைக் காட்டினேன். குனிந்து போட்டோ எடுத்துக்கொண்டார். அது தண்ணீர்க் குழாய்த் திருகு என்பதை அந்த நேரத்தில் சொல்வது மரியாதையாக இருக்காது.

இனிமேல்தான் பெரிய சங்கதி. ஆர்டர் வந்துவிட்டது! பானக் கம்பெனி ஒன்று, பழைய கணக்கைவிடப் பெரியது. பேப்பரிலும் மந்தம் போய்விட்டது, எழுச்சி என்று போடுகிறான். வருகிற மாதம் முழு நெருப்பு வைக்கப்போகிறேன். அத்தைக்கு முழு நாள் வேலை. நெட்டையனுக்கும் ஆள் விட்டிருக்கிறேன், குனிந்துகொண்டாவது வரச் சொல்லி. ஒரு வருஷமாக உலையைக் கைக்குழந்தை மாதிரிச் சூடு குறையாமல் வைத்திருந்தது வீண்போகவில்லை.

ஒரு வருஷமாக என்று எழுதிவிட்டேன். எப்போதுமே அப்படித்தான் வைத்திருப்பேன் என்று படித்துக்கொள்.

மாமா


ஜூலை 18

கணக்குப்பிள்ளைக்கு,

நலம். நீ நலம்தானே?

ஒரு சின்ன விஷயம். பெரிதாக எடுத்துக்கொள்ளாதே. ஆர்டருக்கு மணல் போட வேண்டும், வாங்குகிறவன் கொண்டுபோனால் உடைசல் எங்கிருந்து வரும்? மணலுக்கு முழு நெருப்பு வேண்டும். முதலாளியிடம் போய் நெருப்பைக் கூட்டப்போகிறேன் என்றேன். அவர் நாற்காலியைக் காட்டினார். எனக்கு அவர் நாற்காலி காட்டுவது இதுதான் முதல் தடவை. "அளவு பாதிதான் மேஸ்திரி. மீதியை மின்சாரக் கம்பெனிக்கு வித்தாச்சு. நீங்கதான் பாதிப் புகையில அத்தனை பாட்டிலும் செஞ்சவராச்சே. செஞ்சு காட்டுங்க" என்றார். கேலி பேசுகிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. உன் புத்தகம் மேஜைமேல் இருந்தது. அவர் அதை நம்புகிறார், அல்லது நம்புவது அவருக்கு வசதி.

செய்து பார்த்தேன். அரை நெருப்பில் மணல் உருகவில்லை. பாட்டில் சுவரில் உருகாத மணல் கல் கல்லாக நின்றது. அத்தையும் மற்றவர்களும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்து ஒதுக்கினார்கள். ஒன்றுகூடத் தேறவில்லை. பானக் கம்பெனி ஆள் ஒரு பாட்டிலைக் கையில் எடுத்து, நகத்தால் தட்டி, எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போனான்.

அதிலிருந்து முதலாளி வேறு கணக்குப் பேசுகிறார். அரை உரிமையை விற்றதற்கே பாட்டில் விற்றதைவிட நன்றாக வருகிறதாம். உலையையே அணைத்துவிட்டால் மீதி அரையையும் விற்கலாமாம். அணைத்தால் என்ன ஆகும் என்று உனக்கு முன்பே எழுதியிருக்கிறேன்.

நீ வாரியத்துக்கு ஒரே ஒரு வரி எழுதினால் போதும். உன் ஆய்வு தப்பு என்று எழுத வேண்டாம். அந்த மேஸ்திரியின் கைராசி போய்விட்டது என்று எழுது. வயதாகிவிட்டது, மயிரிழை எங்கே என்று மறந்துவிட்டான், பழைய அளவைத் திருப்பிக் கொடுங்கள் என்று எழுது. குளிர்காலத்தில்தான் அந்த வித்தை பலிக்கும் என்று வேண்டுமானால் போடு. எனக்கு ஒன்றும் குறைச்சல் இல்லை. கடிகாரத்தைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். அது தினமும் பின்னால்தான் ஓடுகிறது.

சீக்கிரம் எழுது. நாள் ஒவ்வொன்றுக்கும் நெருப்பை ஒரு சுற்று குறைக்கச் சொல்கிறார்கள்.

மாமா


ஆகஸ்ட் 30

அன்புள்ள மாமாவுக்கு,

அம்மாவும் நானும் நலம். உங்கள் உடல்நிலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தாமதத்துக்கு மன்னியுங்கள். ஒரு மாநாட்டுக்காக வெளிநாடு போயிருந்தேன். உங்கள் தொழிற்சாலையைப் பற்றித்தான் பேசினேன். எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள்.

நீங்கள் எழுதியதை யோசித்தேன். ஒரு மனிதரின் கை தவறியது என்பதற்காக வாரியம் அளவை மாற்றாது. ஆய்வு இப்போது என் கையில் இல்லை, மாமா. ஐந்தாறு நாடுகளில் அதை வைத்து விதி எழுதுகிறார்கள். ஒரு செங்கல்லை உருவினால் எல்லாம் கேள்விக்கு வரும், உண்மையாகவே புகையைக் குறைத்தவர்களும் சேர்ந்து கெடுவார்கள். எண்ணிக்கையைக் கொடுத்தது உங்கள் அலுவலகம். நான் சரிபார்த்துத்தான் போட்டேன்.

வேலை இழப்பவர்களுக்குப் புதுத் தொழில் பழக்கும் பயிற்சி ஒன்று இருக்கிறது. விண்ணப்பத்தை இணைத்திருக்கிறேன். உங்களுக்கும் அத்தைக்கும் சேர்த்து இரண்டு.

கணக்குப்பிள்ளை


அக்டோபர் 11

கண்ணுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அண்ணியின் கால் தேவலையா?

ஊர்விட்டு ஊர் வந்து எழுதுகிறேன். பெட்டிமேல் வைத்துத்தான் எழுத வேண்டியிருக்கிறது, ஒரு அறையில் எட்டுப் பெண்கள். அந்தப் பானக் கம்பெனி ஆர்டர் எங்கே போனதோ அந்தத் தொழிற்சாலைக்குத்தான் நானும் வந்திருக்கிறேன். எல்லை தாண்டி இரண்டு பகல் ரயிலில் வர வேண்டும். இங்கே உரிமை அளவு ஒன்றும் கிடையாது. உலை எங்கள் உலையைவிடப் பழசு. நிலக்கரி போட்டு எரிக்கிறார்கள். துணி துவைத்து வெளியே போட்டால் எடுக்கும்போது என் துணியா என்று எனக்கே சந்தேகம் வருகிறது. நெட்டையனும் இங்கேதான் இருக்கிறான். அதே பாட்டில், அதே கீறல் பார்க்கிற வேலை. ஒரே வித்தியாசம், இங்கே செய்ததை உடைக்கிறதில்லை. இந்தப் புகையை யார் கணக்கில் எழுதுவீர்கள் என்று நெட்டையன் கேட்கச் சொன்னான்.

உலையை அணைத்த அன்று நான் அங்கே இருந்தேன். செங்கல் ஒவ்வொன்றாக வெடிக்கிற சத்தம் வெளி வாசல்வரை கேட்டது. உன் மாமா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். அவளுக்கு எழுதினேன், அவள் தெரியாமல் எழுதிவிட்டாள், பாவம் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை. "அவளுக்குத் தெரியும். மார்ச் மாசமே நான் எல்லாத்தையும் எழுதிட்டேன்" என்றேன். காதில் விழவில்லையோ என்று நினைத்து இன்னொரு தடவை சத்தமாகச் சொன்னேன்.

"முதல் தடவையே கேட்டுச்சு" என்றார்.

நீ தனியாக எழுதுகிறேன் என்று சொன்ன கடிதத்தை இனி எழுத வேண்டாம். இந்த விலாசமும் நிலையில்லை.

அத்தை


டிசம்பர் 5

கணக்குப்பிள்ளைக்கு மாமாவின் ஆசீர்வாதம்.

நான் இங்கே ராஜா மாதிரி இருக்கிறேன். அரண்மனையில் ஆள் இல்லை, அவ்வளவுதான். அக்காவும் நீயும் சுகமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய விண்ணப்பத்துக்கு அவசியம் இல்லாமல் போய்விட்டது, எனக்கு வேலை கிடைத்துவிட்டது. பழைய இடத்திலேயேதான். பதவி மட்டும் புதிது.

தொழிற்சாலையைப் பார்க்க ஆட்கள் வருகிறார்கள். உன் புத்தகத்தைப் படித்துவிட்டு வெளிநாட்டிலிருந்தெல்லாம் வருகிறார்கள். புகை வாரியம்தான் ஏற்பாடு. அவர்களுக்குச் சுற்றிக்காட்டுவது என் வேலை. நீலச் சட்டை கொடுத்திருக்கிறார்கள், நெஞ்சில் புகைபோக்கிப் படம், அதிலும் புகை இல்லை. உன் மாமா வாழ்நாள் முழுவதும் சம்பளம் இல்லாமல் செய்துகொண்டிருந்ததை இப்போது சம்பளத்துக்குச் செய்கிறேன்.

வருகிறவர்களை உலைக்கு உள்ளேயே அழைத்துப் போகிறேன். முன்பு நாம் ஓட்டை வழியாக எட்டிப் பார்த்தோமே, இப்போது கூட்டமாக நுழைந்து நிற்கலாம். தரையெல்லாம் பச்சைப் பாறை, அடியில் குழம்பாக இருந்தது அப்படியே உறைந்திருக்கிறது. வெடித்த செங்கல்லைப் பழங்காலத்துச் சிற்பம் மாதிரித் தடவிப் பார்க்கிறார்கள். நீலக் கண்ணாடியை ஆளுக்கு ஒன்று கொடுக்கிறேன். போட்டுக்கொண்டு நாலு பக்கமும் திரும்புகிறார்கள். போன வாரம் ஒரு அம்மாள், "நெருப்பு எங்கே?" என்று கேட்டாள். "அதுதாங்க தொழில் ரகசியம்" என்றேன். எல்லாரும் சிரித்துவிட்டு எழுதிக்கொண்டார்கள்.

மணலைக் குறைத்தது, உடைசலைக் கூட்டினது, மயிரிழை, முதலாளி கண்ணைத் துடைத்தது, எல்லாம் சொல்கிறேன். நாளுக்கு நாள் மெருகு ஏறுகிறது. நேற்று முதலாளி என் காலிலேயே விழுந்துவிட்டார். என் அக்கா மகள்தான் இதை உலகத்துக்குச் சொன்னவள், வானத்தையே எண்ணுகிறவள் என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். உள்ளே எதிரொலி நன்றாக இருக்கிறது.

ஒன்று விடாமல் சொல்கிறேன். உன் அத்தை உனக்கு மார்ச்சில் எழுதின கடிதத்தை மட்டும் சொல்வதில்லை.

துணியை நானே துவைத்து நானே காயப்போடுகிறேன். கரி ஒரு பொட்டுக்கூட விழுவதில்லை. வெளுப்பு என்றால் அப்படி ஒரு வெளுப்பு. அத்தைக்கு எழுதினேன். வந்து பார் என்று எழுதவில்லை.

கடைசியாக ஒரு நல்ல செய்தி. உலைக்குக் காற்று ஊதும் யந்திரத்தின் இரைச்சல் நின்றதிலிருந்து என் காது மறுபடி கேட்க ஆரம்பித்திருக்கிறது. ஊரே சத்தமில்லாமல் இருப்பதால் அப்படித் தோன்றுகிறது என்கிறார் டாக்டர், அவருக்கு என்ன தெரியும்? பக்கத்துத் தெருவில் கதவைச் சாத்தினால் எனக்குக் கேட்கிறது. ஆகையால் இனிமேல் கடிதம் எழுதிச் சிரமப்படாதே. போன் பண்ணு. நீ ஒன்றும் பேசாமல் வைத்திருந்தாலும் எனக்குக் கேட்கும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

மாமா